ஆயிரம் கஜத்துக்கு அப்பால் ஒரு குறி

நம் காலனிப் பிள்ளைகள் சிலர் என்.சி.சி. முகாமிலிருந்து திரும்பிய அன்று, தாம் ரைபிள் பிடித்துக் குறிபார்த்துச் சுட்ட செய்தியை வீடுதோறும் சொல்லி மகிழ்ந்தனர். கேட்ட பெற்றோர் எல்லாரும் மகிழ்ந்தனர் என்று சொல்வதற்கில்லை. "கொல்வதற்கென்று பிறந்த கருவியைக் குழந்தைகள் கையில் கொடுப்பதா? இதுவும் ஒரு விளையாட்டா?" என்று நம்மிடையே எழுந்த வினா நியாயமானதே. அதற்கு விடை தேடுமுகமாக, நெடுந்தொலைவுக் குறி சுடும் கலை தோன்றி வளர்ந்த வரலாற்றை இம்மலரில் சிறிது காண்போம்.

இக்கலை அச்சத்தில் பிறந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. 1859ஆம் ஆண்டில், பிரெஞ்சுப் பேரரசன் மூன்றாம் நெப்போலியன் படையெடுத்து வருவானோ என்ற கலக்கம் இங்கிலாந்தைப் பற்றியது. வக்கீல்களும் வணிகர்களும் கைவினைஞர்களும் தொண்டர் படைகளில் சேர்ந்தனர். அன்னோர் சுடுவதில் தேர்ச்சி பெற வேண்டுமென்றே அவ்வாண்டில் அந்நாட்டுத் தேசிய ரைபிள் சங்கம் நிறுவப்பெற்றது. அதற்கு முன் வழங்கிய மஸ்கட் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. நூறு கஜத்துக்கு அப்பால் அதன் குண்டை நம்புவதற்கில்லை. குழலின் உட்சுவரில் திருகுசுழலாக வரிகள் வெட்டப்பெற்றதே ரைபிள். அவ்வரிகள் குண்டைப் பம்பரம்போற் சுழற்றி அனுப்புகின்றன. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோல, சுழலும் குண்டும் தன் வழியில் நிலைத்துச் செல்கிறது.

1860 ஜூலையில் விம்பிள்டன் திடலில் முதற் போட்டி கூடியது. ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியியல் வல்லுநர், தாம் ஆக்கிய ரைபிளைத் தாங்கியொன்றில் பொருத்தி, 400 கஜத்துக்கு அப்பாலிருந்த இலக்குக்கு நேராக முன்னரே அமைத்து வைத்திருந்தார். விக்டோரியா அரசி விசையிற் கட்டிய பட்டுக் கயிற்றை இழுத்தார். குண்டு இலக்கின் நடுவிலேயே பட்டது. அஞ்சிய படையெடுப்பு நிகழவில்லை. எனினும் போட்டி மட்டும் நிலைத்துவிட்டது. 1890இல் அது பிஸ்லி என்னும் ஊருக்கு மாறி இன்றளவும் நடைபெறுகிறது. அங்கே 1930இல் மார்ஜோரி பாஸ்டர் என்னும் பெண்மணி, ஆடவர் பலரை வென்று மன்னர் பரிசைப் பெற்ற முதற் பெண்ணாயினார்.

இக்கலையின் இயல்பை நன்கு விளக்குவது 1874 செப்டம்பர் 26ஆம் நாள் அமெரிக்காவில், நியூயார்க் நகருக்கு அண்மையிலிருந்த கிரீட்மூர் திடலில் நடந்த போட்டி. பிரிட்டனில் எல்கோ கேடயத்தை வென்றிருந்த அயர்லாந்துக் குழுவினர் அமெரிக்கரை அறைகூவி அழைத்தனர். அறுவர் கொண்ட குழு. 800, 900, 1000 கஜத் தொலைவுகள். ஒவ்வொன்றிலும் ஒருவருக்குப் பதினைந்து குண்டுகள். ஐரிஷ்காரர்கள் வாய்வழியே மருந்திட்டு அடைக்கும் ரிக்பி ரைபிள்களையும், அமெரிக்கர்கள் பின்புறம் தோட்டா இடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைபிள்களையும் கையாண்டனர். இரும்புப் பலகை இலக்கின் நடுச் சதுரத்திற் பட்டால் நான்கு புள்ளி.

அன்று ஐரிஷ் வீரர் மில்னர் சுட்ட குண்டொன்று நடுச் சதுரத்திலேயே பட்டது. ஆயின் அது அவருடைய இலக்கு அன்று, பக்கத்து இலக்கு! நான்கு புள்ளி பெற வேண்டிய குண்டுக்குச் சுழியே கிடைத்தது. இறுதியில் அயர்லாந்து 931 புள்ளிகளுடன் முடித்தது. அமெரிக்கர் 930 பெற்றிருந்தனர். ஒரே ஒரு குண்டு எஞ்சியிருந்தது. அதைச் சுட வேண்டிய கர்னல் போடைன் என்பவரின் கையைச் சற்று முன்னர்தான் வெடித்த இஞ்சிபானப் புட்டி கிழித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்த அவர், 1000 கஜத்துக்கு அப்பால் நடுச் சதுரத்தில் அடித்தார். அமெரிக்கா 934, வேறுபாடு மூன்றே புள்ளி. மில்னரின் குண்டு தன் இலக்கிற் பட்டிருந்தால் வெற்றி அயர்லாந்தினுடையது. யானைமேல் எறிந்து பிழைத்த வேலுக்கும் பெருமை தந்தவர் நம் வள்ளுவர். குறியையே மாற்றிக்கொண்ட குண்டு எவ்வளவு செம்மையாகப் பட்டாலும் கணக்கில் ஏறுவதில்லை.

இக்கலையிற் புகுவோர் முதலிற் கற்பது சுடுவதை அன்று, சுடாதிருப்பதை. குழல்வாய் எப்பொழுதும் இலக்குத் திசையையே நோக்கியிருத்தல் வேண்டும். குறி பார்த்து முடியும்வரை விரல் விசையைத் தொடலாகாது. அடுத்து மூச்சை அடக்கி, விசையை வெடுக்கென இழுக்காது மெல்ல அழுத்தப் பழக வேண்டும். குழல் ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறு விலகினால், 1000 கஜத்தில் குண்டு ஒரு சாணுக்கு மேல் விலகிப் போகும். அத்தொலைவைக் கடக்கக் குண்டுக்கு ஒரு விநாடிக்கு மேலாகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதனைக் கீழே இழுக்கிறது, காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. ஆதலின் நல்ல வீரன் கொடிகளின் அசைவையும் கானலின் ஓட்டத்தையும் நோக்கி, ஒவ்வொரு குண்டும் பட்ட இடத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறான். தவறியதை மறைத்தால் அடுத்த குண்டும் தவறும். தன் பிழையைத் தானே எழுதும் இப்பழக்கமே இக்கலையின் உயிர்.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றிற் கசப்பானதோர் இடம் உண்டு. கோலாப்பூர் அரசரின் பெயரால் 1871இல் விம்பிள்டனுக்கு ஒரு கோப்பை வழங்கப்பெற்றது. பிரிட்டனும் அதன் குடியேற்ற நாடுகளும் அதற்காகப் போட்டியிட்டன. அக்கோப்பை இந்தியப் பெயரைத் தாங்கி அங்கே மின்னிக்கொண்டிருந்தபோதே, 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலைக் குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கோ அச்சட்டத்தில் விலக்களிக்கப்பட்டது. 1887இல் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபையில் விபின் சந்திர பாலர் அச்சட்டத்தை நீக்க வேண்டுமென்று வாதாடினார். ஆளப்படுவோரை நம்ப மறுக்கும் ஆட்சியின் அவமதிப்பே அவரை உறுத்தியது.

விடுதலைக்குப் பின்னர் 1951இல் இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் தோன்றியது; மக்களவையின் முதற் சபாநாயகராக விளங்கிய ஜி. வி. மாவ்லங்கர் அதன் முதல் தலைவர். இன்று உரிமச் சட்டத்தில் ஐரோப்பியருக்கென்று தனி விலக்கு இல்லை. ரைபிள் சங்கங்களின் கதவு நம் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குவோர் 10 மீட்டர்க் காற்றுத் துப்பாக்கியிற் பழகி, பின்னர் 50 மீட்டருக்கும், அதன்பின் 300 மீட்டருக்கும் செல்லுதல் முறை. கடலூரிற் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் அந்த 10 மீட்டர்ப் பிரிவிலேயே தங்கம் வென்றார். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்ற குடும்பத்துப் பெண் அவர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

ஆகவே பெற்றோரின் வினாவுக்கு நாம் கூறும் விடை இது: கருவி கொடியதே, அதனாலேயே அதைக் கட்டுப்பாட்டோடு கற்பிக்க வேண்டும். அடுத்த முகாமிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் "எத்தனை குண்டு பட்டது?" என்று மட்டும் கேளாமல், "தவறியதை எழுதிவைத்தாயா?" என்றும் கேட்போமாக.