கோவாவின் கரை எதுவரை?

கோவாவின் கடற்கரை சுமார் 105 கிலோமீட்டர் என்பதே பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த கணக்கு. பரப்பில் (3,702 சதுர கிலோமீட்டர்) இந்தியாவின் மிகச் சிறிய மாநிலமான அதன் புவியியலை இந்த மணற்கரையைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது. ஓதநீர் உள்நாட்டில் எதுவரை ஏறுகிறதோ அதுவரை கோவாவுக்குக் கரைதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து கிழக்கே நெடுந்தொலைவு ஓடும் காவிரி, வண்டலைப் பரப்பி டெல்டாவைக் கட்டியது. அதே மலையிலிருந்து மேற்கே இறங்கும் கோவாவின் மாண்டோவி, சுவாரி ஆறுகளுக்கு அத்தனை நீளமான ஓட்டம் வாய்க்கவில்லை. கடல்மட்டம் உயர்ந்தபோது மூழ்கிய பள்ளத்தாக்குகளே அவற்றின் கழிமுகங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைவெள்ளம் உப்பை வெளியே தள்ளிவிடும். மழை ஓய்ந்து நீர்வரத்து குறைந்ததும் கடல் திரும்ப ஏறும்; கோடையில் மாண்டோவியில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உள்ளே கஞ்சேம் வரை ஓதம் தெரியும்.

இந்த ஏற்றவற்றத்தை அளந்தறிந்த உழவர்கள் உருவாக்கியவையே கஜான் நிலங்கள். சுமார் 18,000 ஹெக்டேர். களிமண், வைக்கோல், செம்புரைக்கல் கொண்டு கட்டிய வரப்பணைகளுக்கு வெளியே அலையாத்தி மரங்கள். உள்ளே உப்பைத் தாங்கும் கொர்குட் நெல். வரப்பணையில் 'மானஸ்' எனப்படும் மதகு இருக்கிறது. ஓதம் ஏறும்போது வெளிநீரின் அழுத்தமே அதன் மரக்கதவைச் சாத்திவிடும். வற்றும்போது உள்நீர் அதைத் தள்ளித் திறந்துகொண்டு வடியும். ஆள் நின்று இயக்க வேண்டியதில்லை. மீன்பிடிப்பைப் பெருக்கவென்று மதகில் மீன்பிடிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவர்கள் கதவைத் திறந்தே வைத்தால் வயலில் உப்பேறும், நெல் போகும்.

கழிமுகத்தின் நன்னீருக்கு மேட்டு நிலமும் துணை. செம்புரைக்கல் மேடுகள் மழையை உள்வாங்கி அடிவாரச் சுனைகளில் மெல்லக் கசியவிடுகின்றன. 2012-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்த இரும்புத்தாதுச் சுரங்கத் தொழில் அந்த மேட்டு நிலத்தையே குடைந்தது. தாதுவை ஏற்றிய படகுகள் ஓதம் ஏறும் அதே ஆற்றுவழியில்தான் மர்மகோவா துறைமுகம் சென்றன.

கர்நாடகத்துடனான மகதாயி நீர்ப் பங்கீட்டு வழக்கையும் இந்தக் கோணத்தில் வாசிக்க வேண்டும். மாண்டோவியின் மேற்பகுதியே மகதாயி. 2018-இல் நடுவர் மன்றம் கர்நாடகத்துக்கு 13.42 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது. இதைக் குடிநீர், மின்சாரக் கணக்காக மட்டும் பார்ப்பது போதாது. மழைக்குப் பிந்தைய மாதங்களில் வரும் நன்னீர் குறையக் குறைய உப்பின் எல்லை மேலேறும். அந்த விலையைக் கஜான் உழவர்தான் கொடுப்பார்.

2011-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை கஜான் நிலங்களைக் காக்க வேண்டும் என்று தனியே குறிப்பிட்டது. அது சரியான பார்வை. ஆனால் வரப்பணைகளைக் காக்கும் பொறுப்பும் ஆற்றுநீரைப் பங்கிடும் பொறுப்பும் தனித்தனி மேசைகளில் இருக்கும்வரை அது ஏட்டளவில்தான் நிற்கும். இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவர வேண்டும்.