வானத்து வெண்கோடுகள்

உயரப் பறக்கும் ஆகாய விமானத்தின் பின்னே நீண்டு செல்லும் வெண்கோட்டைக் கண்டு களியாத சிறுவர் இலர். ஆயின் அமெரிக்காவிலே அக்கோட்டைக் கண்டு அஞ்சுவோர் பலர். மக்கள் அறியாவண்ணம் அரசாங்கம் இரசாயனப் பொருள்களைத் தூவுகின்றது என்பது அவர் கொள்கை. 'கெம்ட்ரெயில்' என்று அதற்குப் பெயருமிட்டனர். இந்நம்பிக்கை எழுந்த வரலாற்றினை ஒருவாறு நோக்குவாம்.

வெண்கோடு புதியதன்று. முதலாம் உலக மகாயுத்த காலத்திலேயே அது அவதானிக்கப்பட்டது. இரண்டாம் மகாயுத்தத்தில் ஜேர்மனிமீது குண்டுபொழியச் சென்ற விமானங்களை எதிரிக்குக் காட்டிக்கொடுத்ததும் அதுவே. அது எங்கே தோன்றுமென முன்னறியும் தேவை பிறந்தது. ஜேர்மனியிலே சிமித் 1941 இலும், அமெரிக்காவிலே அப்பிள்மன் 1953 இலும் அதற்குக் கணக்கு வகுத்தனர். எரிபொருளிலுள்ள ஐதரசன் எரிய நீராவி உண்டாகும். இன்றைய விமானங்களில் ஒரு கிலோ எரிபொருள் ஏறக்குறைய 1.25 கிலோ நீரைத் தருகின்றது. பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகையளவான குளிரிலே அந்நீர் உறைந்து பனித்துகளாகின்றது. உலர்ந்த காற்றில் கோடு விரைவில் மறையும். ஈரக் காற்றிலோ மணிக்கணக்காக நின்று பரந்து மேகமாகும்.

1996 இல் அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக் கட்டுரையொன்று, 2025 ஆம் ஆண்டளவில் வானிலையைப் போர்க்கருவியாக்கல் கூடுமோவென ஆராய்ந்தது. ஆராய்ந்ததைச் சிலர் செய்துவிட்டதாகவே கொண்டனர். 1999 இல் ஆர்ட் பெல் என்பாரின் நள்ளிரவு வானொலி நிகழ்ச்சி அதனை நாடெங்கும் பரப்பிற்று. 2000 இல் அரசாங்கத் திணைக்களங்கள் நான்கு கூடி விளக்கம் வெளியிட்டும் ஐயம் தணிந்திலது.

இவர்களை மூடரென ஒதுக்குதல் எளிது. எனக்கு மனம் வரவில்லை. 1953 இல் சென் லூயிஸ் நகரத்து ஏழைகள் வாழும் பகுதிகளிலே, கூரைகளிலும் வாகனங்களிலும் கருவிகளை வைத்து, நாக கதுமிய சல்பைட்டு என்னும் துகளை அமெரிக்க இராணுவம் பரப்பியது மெய். நகரை எதிரியின் பார்வையினின்று மறைக்கும் புகையென்றே அங்குள்ள அதிகாரிகளுக்குச் சொல்லப்பட்டது. பிரித்தானியாவோ அதே துகளை விமானத்திலிருந்தே தூவியது. வியட்னாம் யுத்தத்தில் 1967 முதல் 1972 வரை, எதிரியின் பாதைகள்மேல் மழை பெய்விக்க மேகங்களில் மருந்து தூவியதும் மெய்; அதனை 1974 இல் அரசாங்கமே ஒப்புக்கொண்டது. வானிலையைப் படைக்கலமாக்குவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 1977 இல் கைச்சாத்தாயிற்று. பொய் சொல்லி அகப்பட்ட அரசாங்கம் மெய் சொல்லும்போது யார் நம்புவர்?

எனினும் ஒன்று கருதத்தக்கது. இவ்விரகசியங்களெல்லாம் ஆவணங்களாலும் விசாரணைகளாலும் வெளிப்பட்டனவேயன்றி, எவரும் வானத்தை அண்ணாந்து பார்த்ததனால் வெளிப்படவில்லை. 2016 இல் வெளியான ஆய்வொன்றில் வினவப்பட்ட 77 விஞ்ஞானிகளுள் 76 பேர், இரகசியத் தூவலுக்குச் சான்று ஏதும் கண்டதில்லை என்றனர். எஞ்சிய ஒருவர், ஓரிடத்து வளியில் பேரியம் மிகுந்திருந்ததை மாத்திரம் குறிப்பிட்டார்.

2024 இல் தென்னசி மாநிலம், வானிலையை மாற்றும் நோக்குடன் இரசாயனம் தூவுவதைச் சட்டத்தாற் தடைசெய்தது. வெண்கோடுகள் அங்கு இன்றும் தோன்றுகின்றன. இரவிலே அவை பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாது தடுக்கின்றன. விமானங்கள் சற்று உயரம் மாறிப் பறந்தால் அதனைக் குறைக்கலாமோ என்பதே விஞ்ஞானிகளின் இப்போதைய ஆராய்ச்சி.