இவ்ரேயா மொரைன் அரங்கம்: பனியாறு வகுத்த நிலமும் மனிதர் நடந்த வழிகளும்

இவ்ரேயா மொரைன் அரங்கம் என்பது வடமேற்கு இத்தாலியின் பீட்மாண்ட் மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள ஒரு நிலப்பகுதியாகும். பழைய பனியாறு ஒன்று கொண்டுவந்து குவித்த கல்லும் மண்ணும் குதிரை லாட வடிவில் குன்றுகளாக நிற்க, நடுவே தாழ்ந்த சமவெளி விரிந்துள்ளது. வட்ட அரங்கின் படிக்கட்டுகள் போலத் தோன்றுவதால் இதற்கு ‘அரங்கம்’ என்ற பெயர் ஏற்பட்டது. இதன் பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். நடுவில் இவ்ரேயா நகரம் உள்ளது. ஆவோஸ்தா பள்ளத்தாக்கிலிருந்து இறங்கிவரும் டோரா பால்டேயா ஆறு இவ்வரங்கின் குறுக்கே ஓடி, தெற்கே மட்சே என்ற ஊரருகே குன்றுகளை வெட்டிக்கொண்டு போ ஆற்றை நோக்கிச் செல்கிறது.

இயற்கை எழில் மிக்க நடைபாதைகளுக்காக இன்று பலரும் இங்கு வருகின்றனர். ஆயினும் இந்நிலத்தின் ஏரி, மேடு, கூழாங்கல் ஒவ்வொன்றுக்கும் மனித வரலாற்றிலும் பங்கு உண்டு.

பனியாறு கட்டிய சுவர்

பனியூழிக் காலங்களில் மான்ட் பிளாங்க், மேட்டர்ஹார்ன், மான்டே ரோசா, கிரான் பராடிசோ ஆகிய சிகரங்களின் பனி ஒன்று திரண்டு, ஆவோஸ்தா பள்ளத்தாக்கு வழியாக இறங்கியது. நீளத்தில் 100 கிலோமீட்டரைத் தாண்டிய இப்பனியாறு, சமவெளியை அடைந்ததும் விசிறிபோல் பரந்து நின்றது. ஆறு வண்டலைச் சுமந்துவருவது போலப் பனியாறு பாறைத் துண்டுகளையும் மணலையும் களிமண்ணையும் சுமந்துவரும். பனி உருகும் இடத்தில் அச்சுமை அப்படியே இறக்கப்படுகிறது. இவ்வாறு பக்கங்களிலும் முன்முனையிலும் சேரும் குவியலே மொரைன் எனப்படுகிறது. பனி பலமுறை முன்னேறியும் பின்வாங்கியும் சென்றதால் இங்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல மேட்டு வரிசைகள் உருவாயின. கடைசியாகப் பனி உச்சத்தில் இருந்த காலம் இன்றைக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு ஆகும்.

இவற்றுள் புகழ்பெற்றது கிழக்குப் பக்கத்தில் உள்ள ‘செர்ரா’ என்ற மேடு. சுமார் 25 கிலோமீட்டர் நீளத்திற்கு ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும் இது, மலையை ஒட்டிய பகுதியில் உட்புறச் சமவெளியைவிடப் பல நூறு மீட்டர் உயர்ந்து, தெற்கு நோக்கிச் சீராகத் தாழ்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அளவுகோல் வைத்து வரைந்த கோடு போலத் தெரியும். ஐரோப்பாவில் நன்கு உருக்குலையாமல் எஞ்சியுள்ள பக்க மொரைன்களுள் இது முதன்மையானதாகக் கருதப்படுகிறது.

ஏரிகளும் ‘நடனமாடும் நிலமும்’

இவ்ரேயா நகரின் வடக்கே சிரியோ, சான் மிக்கேலே, பிஸ்தோனோ, நேரோ, கம்பாஞ்ஞா என்னும் ஐந்து சிறிய ஏரிகள் உள்ளன. இப்பகுதியின் பாறைகள் மிகக் கடினமானவை. பூமியின் மேலோட்டின் அடிப்பகுதியில் உருவாகி, ஆல்ப்ஸ் மலை எழுந்த காலத்தில் மேலே தள்ளப்பட்டவை. பனியாறு இவற்றின் மேல் ஊர்ந்தபோது மேடுகளை வழவழப்பாகத் தேய்த்தது. பலவீனமான இடங்களைக் குடைந்து பள்ளமாக்கியது. அப்பள்ளங்களில் நீர் நிறைந்தே ஐந்து ஏரிகளும் தோன்றின.

மொந்தால்தோ டோரா என்ற ஊரின் அருகே ‘நடனமாடும் நிலம்’ என்று அழைக்கப்படும் ஓர் இடம் உண்டு. அங்கிருந்த கோனில்யோ என்னும் ஏரி 19ஆம் நூற்றாண்டில் வடிக்கப்பட்டது. மட்கிய தாவரங்களால் ஆன தடித்த கரிமண் அடுக்கு ஈரத்தின் மேல் மெத்தைபோல் தங்கியிருக்க, அதன் மேல் காடு வளர்ந்தது. ஒருவர் அங்கு குதித்தால் காலடி நிலம் நெளியும். பக்கத்து மரங்களும் அசையும். பள்ளிச் சிறுவர்களுக்கு மிகவும் விருப்பமான இடம் இது.

அரங்கின் விளிம்பில் இரு பெரிய ஏரிகள் உள்ளன. தென்கிழக்கில் உள்ள விவெரோனே ஏரியின் அடியில் வெண்கலக் கால மக்கள் மரக்கம்பங்கள் நட்டுக் கட்டிய குடியிருப்பின் எச்சங்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஆல்ப்ஸைச் சுற்றியுள்ள ஆறு நாடுகளைச் சேர்ந்த இத்தகைய 111 இடங்களை யுனெஸ்கோ 2011இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, விவெரோனேயும் அதில் இடம்பெற்றது. தெற்கில் உள்ள கண்டியா ஏரி ஆழமற்றது, நாணல் சூழ்ந்தது, நீர்ப்பறவைகளின் தங்குமிடம்.

பொன்னும் நீரும்

இந்நிலத்தின் எழுதப்பட்ட வரலாறு ஒரு தண்ணீர்த் தகராறில் தொடங்குகிறது. ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் சலாசியர் என்ற மலைவாழ் இனத்தார் வாழ்ந்தனர். அவர்களிடம் பொன் சுரங்கங்கள் இருந்தன. மண்ணைக் கழுவிப் பொன்னைப் பிரித்தெடுக்க அவர்கள் டோரா ஆற்று நீரைப் பல வாய்க்கால்களாகப் பிரித்தனர் என்றும், அதனால் கீழே சமவெளியில் உழவு செய்தவர்களுக்கு நீர் கிடைக்காமல் இரு தரப்பினருக்கும் இடையே சண்டை மூண்டது என்றும் கிரேக்கப் புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ எழுதியுள்ளார்.

கி.மு. 143இல் இத்தகராறைத் தீர்த்துவைக்க ரோமானியக் கான்சல் அப்பியஸ் கிளாடியஸ் அனுப்பப்பட்டார். சமரசம் செய்ய வந்தவர், வெற்றிவிழா காணும் ஆசையால், குற்றம் செய்யாத சலாசியர் மீது படையெடுத்தார் என்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ குறிப்பிடுகிறார். ரோமில் அவர் இசைவின்றி வெற்றி ஊர்வலம் நடத்தியபோது, எவரும் அவரைத் தேரிலிருந்து இறக்கிவிடாதபடி, வெஸ்டா தெய்வத்தின் கன்னிப் பூசாரியாக இருந்த அவருடைய மகள் உடன் அமர்ந்து சென்றாள் என்பர். அவளைச் சகோதரி என்று கூறுவோரும் உண்டு.

அதன்பின் சுரங்கங்கள் ரோமானியக் குத்தகைதாரர் கைக்கு வந்தன. ஆனால் மேட்டு நிலம் சலாசியரிடமே இருந்தது. அவர்கள் குத்தகைதாரருக்கு நீரை விலைக்கு விற்றனர். குத்தகைதாரரின் பேராசையால் பூசல் ஓயவில்லை. கி.மு. 100இல் ரோமானியர் எபொரேடியா என்ற குடியேற்ற நகரை நிறுவினர். அதுவே இன்றைய இவ்ரேயா. பள்ளத்தாக்கின் வாயிலைக் காக்கும் பூட்டாக அது அமைந்தது.

முடிவு கொடூரமாக இருந்தது. கி.மு. 25இல் பேரரசர் அகஸ்டஸின் தளபதி டெரன்டியஸ் வாரோ சலாசியரை முற்றிலும் அடக்கினார். போர்வீரர் 8,000 பேரும் மற்றவர் 36,000 பேரும் எபொரேடியாவுக்குக் கொண்டுவரப்பட்டு அடிமைகளாக ஏலம் விடப்பட்டனர் என்று ஸ்ட்ராபோ கணக்குத் தருகிறார். அவர்களின் நிலத்தில் ஆவோஸ்தா நகரம் எழுந்தது.

பெஸ்ஸா: கூழாங்கல் கடல்

செர்ரா மேட்டின் கிழக்குப் புறத்தில், எல்வோ ஓடையை ஒட்டிப் பெஸ்ஸா என்ற இடம் உள்ளது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை உருண்டைக் கற்களின் குவியல்கள். அவற்றின் இடையே மரங்கள். முதலில் பார்ப்பவர் இதையும் இயற்கையின் வேலை என்றே நினைப்பார். உண்மையில் இவை மனிதக் கைகள் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிய கற்கள். பனியாறு மலையிலிருந்து கொண்டுவந்த படிவுகளில் பொன் துகள்கள் கலந்திருந்தன. கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளில் ரோமானியர் இப்படிவைத் தோண்டினர். பெரிய கற்களை ஒதுக்கி, மணலை நீரோட்டத்தில் அலசிப் பொன்னை எடுத்தனர். ஒதுக்கிய கற்களே இன்றைய குவியல்கள்.

இப்பகுதியின் சுரங்கங்களில் குத்தகைதாரர் 5,000 பேருக்கு மேல் வேலைக்கு வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்ததாக மூத்த பிளினி குறிப்பிட்டுள்ளார். கட்டுப்பாடு தேவைப்படும் அளவுக்கு இங்கு ஆட்கள் குவிக்கப்பட்டனர் என்பது இதனால் விளங்குகிறது. அவர்களில் ஒருவர் பெயர்கூட நூல்களில் இல்லை. அவர்கள் அடுக்கிய கற்கள் மட்டும் இருக்கின்றன. 1985 முதல் பெஸ்ஸா பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியாக உள்ளது.

யாத்திரிகரும் படைகளும்

ஆல்ப்ஸைக் கடந்துவரும் பெருவழி இவ்வரங்கின் ஊடாகவே செல்கிறது. பள்ளத்தாக்கில் தோனாஸ் என்ற இடத்தில் ரோமானியர் பாறையைக் குடைந்து அமைத்த சாலையும், அதன் தரையில் வண்டிச் சக்கரங்கள் பதித்த தடங்களும் இன்றும் உள்ளன. கி.பி. 990இல் கான்டர்பரி பேராயர் சிஜெரிக் ரோமிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பியபோது தாம் தங்கிய 79 இடங்களைப் பட்டியலிட்டார். அப்பட்டியலில் இவ்ரேயாவும் உண்டு. ‘வியா பிரான்சிஜெனா’ எனப்படும் அவ்வழியை 1994இல் ஐரோப்பிய மன்றம் பண்பாட்டு வழித்தடமாக ஏற்றது. 1800ஆம் ஆண்டு மே மாதத்தில் நெப்போலியனின் படையும் இவ்வழியே இறங்கி இவ்ரேயாவைக் கைப்பற்றியது.

15ஆம் நூற்றாண்டில் டோரா நீரை இவ்ரேயாவிலிருந்து வெர்செல்லி சமவெளிக்குக் கொண்டுசெல்லும் கால்வாய் வெட்டப்பட்டது. ஒருகாலத்தில் போருக்குக் காரணமான அதே ஆற்றின் நீர் பின்னர் நெல் வயல்களுக்குப் பாயலாயிற்று.

பாறைகளைப் படித்தவர்கள்

சமவெளியில் தனித்துக் கிடக்கும் பெரும் பாறைகள் எப்படி வந்தன என்பது நீண்டகாலம் புதிராக இருந்தது. பெருவெள்ளம் அடித்துவந்தது என்று பலர் நம்பினர். 1840இல் லூயி அகாசி பனியாறுகள் பற்றிய தமது நூலை வெளியிட்டபின் பார்வை மாறியது. டுரின் நகர அறிஞர் பார்தொலொமேயோ கஸ்தால்தி, பிரெஞ்சு அறிஞர் சார்ல் மார்தேனுடன் சேர்ந்து, போ பள்ளத்தாக்கின் மேற்பரப்புப் படிவுகளை ஆராய்ந்து 1850இல் எழுதினார். பியெல்லாப் பகுதியைச் சேர்ந்த கனிமவியலாளரும் அரசியல் தலைவருமான குயின்டினோ செல்லா 1863இல் டுரினில் இத்தாலிய ஆல்ப்ஸ் கழகம் தொடங்கக் காரணமானார். மலைநடை என்பது நிலத்தை அறியும் வழியும் ஆயிற்று.

இன்றைய நடைபாதைகள்

செர்ரா மேட்டின் உச்சியில் அந்திராத்தே என்ற ஊரிலிருந்து நடப்பவர், ஒருபுறம் அரங்கின் சமவெளியையும் மறுபுறம் பியெல்லா மலைகளையும் காணலாம். ஐந்து ஏரிகளையும் இணைக்கும் பாதையில் மொந்தால்தோவின் கோட்டையும் நடனமாடும் நிலமும் வருகின்றன. பெஸ்ஸாவில் கற்குவியல்களுக்கு இடையே குறியிட்ட தடங்கள் உள்ளன. பாதைகளைக் காட்டும் சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் மரங்களிலும் பாறைகளிலும் தீட்டப்பட்டிருக்கும். வசந்தமும் இலையுதிர் காலமும் நடப்பதற்கு ஏற்றவை.

டோரா ஆறு கோடையில் சாம்பல் நிறமாக ஓடுவதை நடப்போர் கவனிக்கலாம். மேலே எஞ்சியுள்ள பனியாறுகள் பாறையை அரைத்து அனுப்பும் நுண்பொடியே அந்நிறத்துக்குக் காரணம். செர்ராவை எழுப்பிய வேலை, மிகச் சிறிய அளவில், இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அப்பனியாறுகளோ ஆண்டுதோறும் சுருங்கிவருகின்றன.