இருப்புப்பாதையில் அந்தலுஸ்

குளிர்காலத்தில் ஸ்பெயினைக் காண விழைவோர், அரபியர் மஜ்ரீத் என்றழைத்த மாட்ரிடிலிருந்து தெற்கே இரயிலேறுதல் நலம். 1992-இல் திறக்கப்பெற்ற அதிவேகப் பாதை முதலில் குர்துபாவையும் (கார்டோபா), அடுத்து இஷ்பீலியாவையும் (செவில்) அடைகிறது. அங்கிருந்து கிழக்கே சென்றால் கர்னாத்தா (கிரானடா).

இவ்வரிசையை நாம் பயண வசதியாக மட்டும் கருதலாகாது. 1236-இல் குர்துபா, 1248-இல் இஷ்பீலியா, 1492 ஜனவரி 2-இல் கர்னாத்தா. இவ்வரிசையிலேயே அவை முஸ்லிம்களின் கையைவிட்டு அகன்றன. முதலாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய குர்துபாப் பெரும்பள்ளி இன்று தேவாலயம். இஷ்பீலியாவின் மினாரா மணிக்கோபுரம்.

பனிமலைப் பின்னணியில் மிளிரும் அல்ஹம்ராவைக் கண்டு கண்ணீர் உகுப்பது எளிது. ஆயின், அம்மாளிகைக்கு அடிகோலிய முதலாம் முஹம்மதுவே இஷ்பீலியா முற்றுகையில் காஸ்டிலிய மன்னருக்குப் படையுதவி செய்தவர். சகோதரரின் வீழ்ச்சியைக் கொடுத்து வாங்கிய அமைதி 1492-உடன் முடிந்தது. அம்மாளிகையின் எழிலைவிட இப்படிப்பினையே நாம் இல்லத்திற்கு எடுத்து வரத்தக்கது.