ஒரு லிட்டர் பெட்டியின் நாற்பது வருஷப் பாதை

கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் எங்கள் ஊர் கிளாவரை. இங்கே வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். பட்டா நகல், வருமானச் சான்று, கல்லூரி விண்ணப்பம் என்று ஊராருக்கு அடித்துக் கொடுப்பதால் வந்த பழக்கம் இது. எல்லாரும் முதலில் கேட்பது விலையைத்தான். விலைக்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. அது எவ்வளவு கரண்ட் தின்னும்? நெட் அறுந்தால் வேலை நடக்குமா? கெட்டுப்போனால் எங்கே தூக்கிக்கொண்டு போவது? அது வீட்டில் யாருடையது? இந்தக் கேள்விகளை நாற்பது வருஷமாகப் பலர் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் முக்கியமான சிலர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு வாங்குபவர் ஏமாறமாட்டார் என்று நம்புகிறேன்.

1982இல் இங்கிலாந்தின் சின்க்ளேர் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. பார்க்க ஒரு சின்னக் கீபோர்டுதான். கம்ப்யூட்டர் முழுவதும் அதற்குள்ளேயே அடங்கியிருந்தது. நினைவகம் 16 அல்லது 48 கிலோபைட். தனியாக மானிட்டர் கிடையாது, வீட்டு டி.வி.யில் சொருக வேண்டும். எழுதியதைச் சேமிக்கப் பாட்டு கேட்கும் கேசட். அதன் அடுத்த வடிவமான ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸை எண்பதுகளின் பிற்பகுதியில் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் இந்தியாவில் விற்றது. இன்று சின்னக் கம்ப்யூட்டர் என்று நாம் தேடுவதன் எல்லா இலட்சணமும் அதில் இருந்தது: இடம் அடைக்காது, கையில் தூக்கலாம், இருக்கும் டி.வி.யே போதும்.

ஆனால் அந்த டி.வி. எத்தனை வீட்டில் இருந்தது? கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்து தென் மாவட்டங்களுக்குப் படம் தெரியத் தொடங்கியதே எண்பதுகளில்தான். தெருவே கூடி ஒரே டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்த்த காலத்தில், அதைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் சொருக எந்த வீட்டில் விடுவார்கள்? பொருள் நன்றாக இருந்தது. அது வந்து உட்காரும் வீடு இன்னும் தயாராகவில்லை.

அரசு வீட்டை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தைப் பிடித்தது. 1984-85இல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டம் தொடக்கத்தில் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது. பூட்டிய அறை, குளிர்சாதனம், வாசலில் கழற்றிவிட்ட செருப்பு என்று கம்ப்யூட்டருக்கு ஒரு கர்ப்பகிருக மரியாதை வந்தது இப்படித்தான். அந்தப் பயம் ஒரு தலைமுறைக்கு ஒட்டிக்கொண்டது. இன்றும் எங்கள் ஊரில் வயதானவர்கள் கீபோர்டைத் தொடும் முன் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

தொண்ணூறுகளில் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது உயரமான டவர் கேபினட்டும் குழாய் மானிட்டரும். சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி முடுக்கிய 'அசெம்பிள்டு' பெட்டிகள் அவை. சமவெளிக்கு அது பெரிய வரம். மலைக்கு? பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாத மானிட்டரை வத்தலக்குண்டிலிருந்து மலையேறி, கொடைக்கானலில் பஸ் மாறி, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று அத்தனை வளைவிலும் மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வர வேண்டும். கெட்டுவிட்டால் அதே மடியில் திரும்பப் போக வேண்டும். கிளாவரைக்கு அப்புறம் பஸ் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து வட்டவடை.

கரண்ட் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கிறேன், ஏனென்றால் மலையில் கம்ப்யூட்டரின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான். கடையில் கொடுக்கும் சாதாரண யு.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. பழைய டவரும் குழாய் மானிட்டரும் சேர்ந்து 150 முதல் 200 வாட் இழுக்கும். நடுவில் போகும் நஷ்டத்தையும் கழித்தால் கால் மணி நேரம் தாங்கினாலே அதிகம். விண்ணப்பத்தில் பாதி அடிப்பதற்குள் யு.பி.எஸ். கீச்சிட ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கரண்ட் எப்போது திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாத இடத்தில், அந்தக் கால் மணி நேரம் எதற்கும் ஆகாது.

இதையெல்லாம் யோசித்தவர்கள் அப்போதே இருந்தார்கள். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். அங்கிருந்து கம்பியில்லாத் தொடர்பில் மற்ற ஊர்கள். கரண்ட் போகும் என்று தெரிந்தே சூரிய மின்சாரத்தையும் சேர்த்து வைத்தார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் என்று அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு வாசித்தார்கள். கம்ப்யூட்டரைத் தொடாதவருக்கும் கம்ப்யூட்டர் உதவியது.

2001இல் மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் அடுத்த முயற்சி. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை வைத்து ஊர் ஊராக கம்ப்யூட்டர் நிலையங்கள் திறந்தார்கள். நடத்தியவர்கள் உள்ளூர்க்காரர்கள், அவர்களில் பெண்களும் உண்டு. தாலுகா அலுவலகத்துக்கு மனு அனுப்பினார்கள். கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெற்றார்கள். நான் இன்று ஊருக்குச் செய்யும் வேலையின் முன்னோடிகள் அவர்கள். அவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கார்டெக்டுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: கோபுரமும் வீட்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். மேலூர் சமவெளியில் அது சரி. மடிப்பு மடிப்பான மேல்மலையில் பக்கத்து ஊரே கண்ணுக்குத் தெரியாது.

அதே ஜுன்ஜுன்வாலாவும் தொழில்முனைவர் ராஜேஷ் ஜெயினும் பின்னால் நின்ற சென்னை நிறுவனம் நோவாடியம். வீட்டுக்காகவே சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் செய்வோம் என்று அவர்கள் கொண்டுவந்தது 'நெட் பி.சி.' ஹார்டு டிஸ்க் இல்லை. உள்ளே செல்போன் வகைச் சிப். சேமிப்பகமும் மென்பொருளும் எங்கோ ஒரு சர்வரில். வீட்டில் இருப்பது அதன் வாசல் மட்டும். விலை 100 டாலர் அளவில் இருக்க வேண்டும், வீட்டுக்காரர் பிராட்பேண்டோடு மாதச் சந்தா கட்டினால் போதும் என்பது திட்டம். வைரஸ் பயம் இல்லை, பழுது பார்க்கும் தொல்லையும் இல்லை. சர்வரில் இருப்பதை வீட்டிலிருந்து பார்ப்பது இன்று எல்லாரும் செய்வது. அவர்கள் அதை முன்னமே கண்டார்கள். ஆனால் அந்த யோசனை முழுக்க முழுக்க அறுபடாத நெட்டின் மேல் நின்றது. கிளாவரையில் சிக்னல் மேட்டில் நின்றால் கிடைக்கும், வீட்டுக்குள் வந்தால் போய்விடும். நாங்கள் பயிரிடும் பூண்டை விற்ற கணக்கு சர்வரில் மாட்டிக்கொண்டால் மண்டிக்கு என்ன பதில் சொல்வது? எங்களுக்குச் சேமிப்பகம் வீட்டுக்குள் இருக்க வேண்டும். நோவாடியத்தின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது.

இதே சமயத்தில் வெளிநாட்டிலும் பெட்டி சுருங்கிக்கொண்டிருந்தது. 2001இல் தைவானின் வியா நிறுவனம் 17 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மதர்போர்டு அளவை வகுத்தது. 2005 ஜனவரியில் ஆப்பிள் மேக் மினியை அறிமுகப்படுத்தியது: ஆறரை அங்குலச் சதுரம், இரண்டு அங்குல உயரம், கீபோர்டு, மானிட்டர் எதுவும் சேர்த்துத் தரவில்லை, உங்கள் வீட்டில் இருப்பதைச் சொருகிக்கொள்ளுங்கள் என்றது. 2012இல் ராஸ்பெர்ரி பை 35 டாலரில் ஏ.டி.எம். கார்டு அளவில் வந்தது. அதே வருஷம் லெனோவா 'டைனி' என்று ஒரு லிட்டர் கொள்ளளவே உள்ள அலுவலகக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது, டெல்லும் எச்.பி.யும் தொடர்ந்தன. வங்கிகளும் கம்பெனிகளும் அவற்றை மொத்தமாக வாங்கின, சில வருஷம் கழித்துப் புதியதுக்கு மாறின. அப்படிக் கழித்த பெட்டிகள்தான் துடைத்துச் சரிபார்த்து 'ரீஃபர்பிஷ்டு' என்ற பெயரில் ரிச்சி தெருவிலும் மதுரையிலும் நம் கைக்கு வருகின்றன.

நம் அரசின் பங்கையும் சொல்ல வேண்டும். 2006இல் இலவசக் கலர் டி.வி. குடும்ப அட்டைக்கு ஒன்று என்று வந்தது, 14 அங்குலம். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டம் மாணவருக்கு ஒன்று என்று வந்தது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் ஒன்று வீட்டைப் பார்த்துக் கொடுத்தது, மற்றது ஆளைப் பார்த்து. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் போனபோது லேப்டாப்பும் கூடவே பஸ் ஏறியது. போக வேண்டியதும்தான், அது அவர்கள் படிப்புக்கு. வீட்டில் மிஞ்சியது ஆளுக்கொரு செல்போன். செல்போனில் இருக்கும் பட்டா நகல் செல்போன்காரருக்குத்தான் தெரியும்.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது அந்த ஒரு லிட்டர் வகைப் பெட்டி ஒன்று. டி.வி.க்குப் பின்னால் சுவரில் திருகி வைத்திருக்கிறோம், தரையிலோ அடுப்படிப் பக்கமோ வைக்கவில்லை. விதைப்பூண்டைப் பரணில் புகை படும்படி கட்டி வைக்கிற வீடு எங்களுடையது. பூண்டைக் காக்கும் அந்தப் புகை கம்ப்யூட்டர் ஃபேனில் பிசுபிசுவென்று படிந்துவிடும். பெட்டியோடு வருவது லேப்டாப் மாதிரியான அடாப்டர். அதன் ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள், '100-240 வோல்ட்' என்று இருக்கும். சாயங்காலம் ஊரே விளக்குப் போடும்போது வோல்டேஜ் இறங்கினாலும் அது அணையாது. சாதாரண வேலைக்குப் பெட்டி மட்டும் இழுப்பது 10, 15 வாட். ஒரு எல்.இ.டி. மானிட்டர் சேர்த்தாலும் 40 வாட்டுக்குள். அதே 84 வாட்-மணி பேட்டரி இப்போது ஒரு மணி நேரத்தை நெருங்குகிறது. கெட்டால் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். பல மாடல்களில் பின்னால் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் மூடி நகர்ந்துவிடும். உள்ளே லேப்டாப் ராம், சின்ன எஸ்.எஸ்.டி. இரண்டும் எந்த நகரத்திலும் கிடைக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லி அனுப்புவது இது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 பழைய சிப்புகளை ஏற்பதில்லை. லினக்ஸ் போட்டுக்கொள்வதானால் இன்னும் பழையதும் ஓடும். ராம் 8 ஜி.பி., எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி. போதும். பின்பக்கம் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா பாருங்கள். அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் டிஸ்பிளேபோர்ட்தான் இருக்கும், டி.வி.க்கு மாற்றுக் கேபிள் வேண்டும். வைஃபை உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள், பலவற்றில் இருக்காது. இல்லையென்றால் செல்போனை யு.எஸ்.பி.யில் சொருகி நெட் எடுக்கலாம்.

தமிழ் வராத கம்ப்யூட்டர் வீட்டுக்கு ஆகாது. ஒரு காலத்தில் அலுவலகத்துக்கு ஒரு எழுத்துரு. ஒருவர் அடித்த மனு இன்னொருவர் கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத் தெரியும். 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டி தமிழ்99 விசைப்பலகை உறுதியானது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதன் பிறகுதான் கிளாவரையில் அடித்தது திண்டுக்கல்லில் அதே எழுத்தாகத் திறக்கிறது. இன்றைய விண்டோஸிலும் லினக்ஸிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. பெட்டியை இயக்கியதும் நான் முதலில் போடும் செட்டிங் அதுதான்.

என் மாமியார் செல்போனில் பத்திரத்தைக் காட்டினால் தள்ளிவிடுவார். டி.வி. திரையில் போட்டால் கிட்ட வந்து உட்கார்ந்து, "இன்னும் பெருசாக்கும்மா, நாலெல்லை எங்க இருக்கு?" என்பார். அவர் விரல் வைத்துப் படிக்க, வடுகபட்டிப் பூண்டு மண்டிச் சீட்டில் கமிஷனும் வண்டி வாடகையும் சுமைக்கூலியும் கழித்து மூட்டைக்கு என்ன நின்றது என்று என் கணவர் பக்கத்தில் கூட்டிப் பார்க்க, பையன் தன் முறைக்காகக் காத்திருப்பான். நிலமும் கணக்கும் படிப்பும் ஒரே இடத்தில், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கின்றன. ஸ்பெக்ட்ரம் செய்தவர்களும் மேலூரில் நிலையம் நடத்தியவர்களும் நோவாடியமும் தேடியது இந்தப் பொதுவான இடத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அரசு கம்ப்யூட்டர் கொடுக்க நினைக்கும்போது, மாணவருக்குக் கொடுப்பதோடு, 2006இல் டி.வி.க்குச் செய்தது போலக் குடும்ப அட்டைக்கு ஒன்று என்றும் யோசிக்கட்டும். மேல்மலை ஊர்களிலிருந்து அது தொடங்கட்டும். பழுது பார்க்கத் தெரிந்த ஒரு பெண்ணையாவது ஒவ்வொரு ஊராட்சியிலும் பயிற்றுவிக்கட்டும். மலையில் ஓடும் கம்ப்யூட்டர் எங்கும் ஓடும்.