பள்ளி வாசலிலிருந்து கடவுச்சொல் வரை

கல்வியின் கதவு நமக்கு ஒருபோதும் தானாகத் திறந்ததில்லை. 1894இல் ஆல்காட் சென்னை அடையாறில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். அன்று தடை, பள்ளி வாசல். அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கு மேற்படிப்பு உதவித்தொகை வந்தது. அன்று தடை, பணம். 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினியும் கொடுத்தது. அப்படியென்றால் தடை தீர்ந்ததா?

சென்ற ஆண்டு முதல் தலைமுறை மாணவி ஒருவர் என்னிடம் வந்தார். முதலாமாண்டில் அவருக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட்டது பிரவுசிங் சென்டர்காரர். மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் அவர் நோட்டில். கடை மூடிவிட்டது. ஓடிபி போகும் எண் அப்பாவுடையது; கட்டட வேலைக்கு வெளியூர் போனவர் சிம்மை மாற்றிவிட்டார். இரண்டாமாண்டு விண்ணப்பத்தைப் புதுப்பிக்க வழியில்லை. படிப்பையே விட்டுவிடலாமா என்று கேட்டார்.

அவரிடம் கைபேசி இருக்கிறது, ரீல்ஸ் பார்க்கவும் தெரியும். சொந்த மின்னஞ்சல் தொடங்க, சான்றிதழைப் பிடிஎஃப் ஆக்கி இணைக்க, நூலகத் தளத்தில் கட்டுரை தேட யாரும் சொல்லித் தரவில்லை. படித்த வீட்டுப் பிள்ளைக்கு அண்ணனோ சித்தப்பாவோ இதைச் சொல்லித் தருகிறார்கள். நம் பிள்ளைகளிடம் மட்டும் "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்கிறார்கள்.

கருவியைக் கொடுப்பது பாதி வேலைதான். கல்லூரியின் முதல் மாதத்திலேயே இவற்றைப் பாடமாக நடத்த வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லித் தரலாம். சேரிகளில் இரவுப் பள்ளி நடத்திய மரபு நம்முடையது. இன்றைய இரவுப் பள்ளிக்கு ஒரு மடிக்கணினியும் ஒரு அக்காவும் போதும்.