பொம்மைப் படத்தில் ஏன் இத்தனை சாவு?

போன ஞாயிறு காலை கீழ்வீட்டுச் சகோதரி இட்லி மாவு கொடுக்க வந்தார். (புனேயில் கடை மாவு வாங்கி ஏமாந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.) பின்னாலேயே அவர் பையன். பொறியியல் இரண்டாம் வருடம். வந்ததும் வராததுமாக, "அங்கிள், டெத் நோட் முடிச்சாச்சு. அட்டாக் ஆன் டைட்டனும் முடிச்சாச்சு. அதே மாதிரி இருட்டா வேற என்ன இருக்கு, ஒரு லிஸ்ட் குடுங்க" என்றான்.

எங்கள் குடியிருப்பில் இந்த ஜப்பான் அனிமே பைத்தியம் எங்கள் இரண்டு பேருக்கும்தான். நாற்பதைத் தாண்டிய எனக்கு இதில் கொஞ்சம் வெட்கமும் உண்டு, பெருமையும் உண்டு. ஆர்வமாகப் பேப்பர் எடுக்கப் போனேன். அதற்குள் அவன் அம்மா கேட்டார்: "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. சின்னப் பசங்க பாக்குற பொம்மைப் படத்துல அந்த ஊர்க்காரங்க ஏன் இவ்ளோ சாவு வைக்கிறாங்க? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இதைத்தான் பாக்குறான். எனக்குப் பயமா இருக்கு."

பையன் தலையில் அடித்துக்கொண்டான். நான் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி. பட்டியலுக்கு முன்னால் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பையனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அம்மாதான் இதை அவனுக்குப் படித்துக் காட்டப் போகிறார். ஆகவே இந்தப் பதிவு இருவருக்கும் சேர்த்து.

முதலில் என் தப்பு

2008 வாக்கில் ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' டிவிடியைக் கொடுத்தேன். நம்மூர்க்காரர்தான். "சூப்பர் படம், வீட்ல எல்லாரும் உக்காந்து பாருங்க" என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தார். "பாதியில நிறுத்திட்டோம்" என்றார், அவ்வளவுதான். அதற்கு முந்தைய வருடம் அவர்கள் இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் பறிகொடுத்திருந்தார்கள் என்பது வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் படம் பசியால் சாகும் ஒரு சின்னப் பெண்ணின் கதை. அன்றிலிருந்து யாருக்கும் வெறும் பெயரை மட்டும் சொல்வதில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எரிந்த ஊர்களின் பிள்ளைகள்

1945 மார்ச் 9 இரவு தொடங்கி 10 விடிவதற்குள் அமெரிக்க விமானங்கள் போட்ட தீக்குண்டுகளில் டோக்கியோவில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள். மரவீடுகள் நிறைந்த ஊர், காற்று வேறு. ஹிரோஷிமாவும் நாகசாகியும் நமக்குத் தெரியும். அதற்கு முன்பே ஒசாகா, கோபே, ஒகயாமா என்று வரிசையாகப் பல நகரங்கள் எரிந்துவிட்டன என்பது பலருக்குத் தெரியாது.

அந்தத் தீயில் ஓடிய பிள்ளைகள்தான் பின்னால் இந்தப் படங்களை எடுத்தார்கள். ஒசாமு தெசுகாவுக்கு அப்போது 16 வயது. ஒசாகாவில் ஒரு தொழிற்சாலையில் போர்க்கால வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தவர், ஜூன் மாதக் குண்டுவீச்சில் உயிர் தப்பினார். இசாவோ தகஹாதாவுக்கு ஒன்பது வயது. ஒகயாமா எரிந்த ஜூன் 29 இரவில் அக்காவோடு ஓடிப் பிழைத்தார். கெய்ஜி நகாசாவாவுக்கு ஆறு வயது. ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் இருந்தார். அவருடைய 'பேர்ஃபுட் ஜென்' 1973-ல் சிறுவர் வார இதழில் சித்திரக்கதையாக வந்து, 1983-ல் அனிமே படமானது.

அகியுகி நோசாகா இயக்குநர் இல்லை, எழுத்தாளர். போரில் வளர்ப்புத் தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்தவர். 1967-ல் அதைக் கதையாக எழுதினார். கதையில் வரும் அண்ணன் தங்கைக்காக உயிரையே விடுகிறான். நிஜத்தில் தான் அப்படி இருக்கவில்லை, கிடைத்த சாப்பாட்டைத் தானே தின்ற நாட்கள் உண்டு என்று நோசாகாவே பின்னால் ஒப்புக்கொண்டார். அந்தக் குற்றவுணர்வுதான் கதை. தகஹாதா 1988-ல் எடுத்த படம் அதுதான், நான் யோசிக்காமல் தூக்கிக் கொடுத்ததும் அதுதான்.

சாக்லேட் கம்பெனி காலம்

தெசுகாவின் 'ஆட்டம்' (உலகத்துக்கு 'ஆஸ்ட்ரோ பாய்') 1963 ஜனவரி 1-ல் ஃபியூஜி டிவியில் தொடங்கியது. அரைமணி நேர வாராந்திரக் கார்ட்டூன் தொடர் என்ற வழக்கமே அங்கிருந்துதான் வேரூன்றியது. பணம் போட்டது ஒரு சாக்லேட் கம்பெனி. பார்ப்பவர்கள் எல்லாம் பிள்ளைகள். ஆனால் கதை எப்படித் தொடங்குகிறது? டாக்டர் தென்மாவின் மகன் கார் விபத்தில் சாகிறான். அவன் சாயலில் அப்பா ஒரு ரோபோ செய்கிறார். அது வளரவில்லை என்று தெரிந்ததும் வெறுத்துப்போய் சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார்.

சகோதரி, உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதில் இருக்கிறது. பொம்மைப் படத்தில் சாவு பிறகு வந்து சேர்ந்ததில்லை, முதல் நாளே இருந்தது. அதை வைத்தவர்கள் சாவைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

அடுத்து பொம்மைக் கம்பெனிகளின் காலம். ரோபோ பொம்மை விற்க ரோபோ தொடர். 1979-ல் யோஷியுகி தோமினோ 'மொபைல் சூட் கண்டம்' எடுத்தபோது கம்பெனிக்கு வேண்டியது பொம்மை. தோமினோ கொடுத்தது போர். முதல் எபிசோட் தொடங்கும்போதே மனிதகுலத்தில் பாதி அழிந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். எதிரிக்கும் ஒரு நியாயம், நம் பக்கத்திலும் அயோக்கியர்கள். 52 எபிசோட் போக வேண்டிய தொடரை 43-ல் நிறுத்தினார்கள். பிறகு மறு ஒளிபரப்பில் மாணவர்கள் தூக்கிப் பிடித்தார்கள். வேறொரு கம்பெனியின் பிளாஸ்டிக் மாடல்கள் பிய்த்துக்கொண்டு விற்றன. இன்றுவரை கண்டம் ஓடிக்கொண்டிருக்கிறது :-)

1988-ம் 1995-ம்

எண்பதுகளில் ஜப்பான் கையில் காசு புரண்டது. அந்த உச்சத்தில், 1988-ல், கட்சுஹிரோ ஒடோமோவின் 'அகிரா' வந்தது. ஒரே வெடிப்பில் டோக்கியோ அழிகிறது. அதன்மேல் எழுந்த நியோ டோக்கியோவில், 2019-ல், வேலையில்லாத பையன்கள் பைக்கில் அலைகிறார்கள், ஊழல், கலவரம். அடுத்த வருடம் ஒலிம்பிக்ஸ் என்று கட்டுமானம் நடக்கிறது. (நிஜத்திலும் 2020 ஒலிம்பிக்ஸ் டோக்கியோவுக்கே கிடைத்து, கொரோனாவால் தள்ளிப்போனதைப் பார்த்து ரசிகர்கள் வாயடைத்துப் போனார்கள்.) ஊரே பணக்காரனாக இருக்கும்போது 'இது நிற்காது' என்று சொன்ன படம் அது. 1989 கடைசியில் பங்குச்சந்தை உச்சம் தொட்டது. பிறகு சரிவு. படித்து முடித்த பையன்களுக்கு வேலையில்லை.

1995 ஜனவரி 17-ல் கோபே நிலநடுக்கம், 6,400 பேருக்கு மேல் பலி. மார்ச் 20-ல் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழு டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயு விட்டது. அக்டோபரில் ஹிதெயாகி ஆன்னோவின் 'நியான் ஜெனசிஸ் எவாஞ்சலியன்' தொடங்கியது. அந்த இரண்டு சம்பவங்களால்தான் எவாஞ்சலியன் பிறந்தது என்று சிலர் எழுதுவார்கள், நம்பாதீர்கள். திட்டம் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. ஆன்னோ பல வருட மனச்சோர்விலிருந்து எழுந்து வந்து எடுத்தது அது. ஆனால் பார்த்தவர்கள் அந்த வருடத்தைக் கடந்து வந்தவர்கள். பதினான்கு வயதுப் பையனை ராட்சச இயந்திரத்தில் ஏற்றி, 'நீதான் உலகத்தைக் காப்பாற்ற வேண்டும்' என்று அப்பா சொல்கிறார். பையன் நடுங்குகிறான். சாக்லேட் கம்பெனி காலத்து ஆட்டம் நடுங்கியதில்லை.

அதன் மாலை ஒளிபரப்பைவிட நள்ளிரவு மறு ஒளிபரப்பு பெரிய அலை கிளப்பியது. நள்ளிரவுக்கு மேலும் இளைஞர்கள் பார்க்கிறார்கள் என்று தயாரிப்பாளர்களுக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் பொம்மை விற்கத் தேவையில்லை, கேசட்டும் டிவிடியும் விற்றால் போதும். அப்புறம் என்ன, எவ்வளவு இருட்டாகவும் எடுக்கலாம். 1998-ல் 'சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெயின்', 2003-ல் 'டெக்ஸ்னோலைஸ்', 2006-ல் 'எர்கோ பிராக்ஸி' எல்லாம் அந்த வாசல் வழியாக வந்தவைதான். ஆகவே சகோதரி, இன்று உங்கள் பையன் பார்ப்பதில் பெரும்பாலானவை சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்தவை அல்ல. பெரியவர்களுக்காக, பிள்ளைகள் தூங்கிய பிறகு போட்டவை. உங்கள் கேள்விக்கு மீதிப் பதில் இது.

இனி பட்டியல்

தம்பி, இந்த வரிசையிலேயே பார்.

1. மான்ஸ்டர் (2004-05, 74 எபிசோட்). நவோகி உராசாவாவின் கதை. ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஜப்பானிய மூளை அறுவை நிபுணர், மேயரை விட்டுவிட்டு முதலில் வந்த சிறுவனைக் காப்பாற்றுகிறார். அந்தச் சிறுவன் கொலைகாரனாக வளர்கிறான். காப்பாற்றியது தப்பா? ரோபோ இல்லை, மந்திரம் இல்லை. அம்மாவையும் உட்கார வை, சீரியல் மாதிரியே பார்ப்பார். டாக்டர் பெயர் தென்மா. ஆட்டத்தைச் செய்த அப்பாவின் பெயரும் அதுதான், ஞாபகம் இருக்கிறதா?

2. பாரனோயா ஏஜென்ட் (2004, 13). 2010-ல் 46 வயதிலேயே இறந்துபோன சதோஷி கோன் எடுத்த ஒரே தொடர். ரோலர் ஸ்கேட் போட்ட பையன் தங்க நிற மட்டையால் ஆட்களை அடிக்கிறான். அடிபட்டவர்களுக்கு ஒருவித நிம்மதி. ஏன் என்பதுதான் கதை. தற்கொலை பற்றி ஒரு எபிசோட் உண்டு, தெரிந்துகொண்டு பார்.

3. சைக்கோ-பாஸ் முதல் சீசன் (2012-13, 22). மனதை ஸ்கேன் செய்து, குற்றம் செய்யக்கூடியவன் என்று எண் சொன்னால் பிடித்துவிடும் அரசாங்கம். வளாக நேர்காணலுக்குத் தயாராகிறாயே, யார் எந்த வேலைக்கு லாயக்கு என்று ஒரு கணினி தீர்மானிப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

4. ஃப்ரம் தி நியூ வேர்ல்ட் (2012-13, 25). ஆயிரம் வருடம் கழித்து, அமைதியான ஒரு கிராமம். வகுப்பில் சில பிள்ளைகள் காணாமல் போகிறார்கள், யாரும் கேட்பதில்லை. முதல் நான்கு எபிசோட் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்.

5. எவாஞ்சலியன் (1995-96, 26), அதன்பின் 1997 படம். மனசு சரியில்லாத வாரத்தில் தொடாதே. ஆன்னோ 2021-ல் கடைசிப் படத்தோடு இந்தக் கதையை முடித்துவைத்தார். அந்தப் பையன் கடைசியில் வெளிச்சத்துக்கு வருவதைப் பார்க்க அவருக்கே 25 வருடம் ஆனது. அதையும் பார்க்காமல் நிறுத்தாதே.

6. புளூட்டோ (2023, 8). ஆட்டம் கதையின் ஒரு பகுதியை உராசாவா பெரியவர்களுக்காக 2003 முதல் 2009 வரை திரும்ப எழுதினார். இராக் போரின் நிழல் அதில் தெளிவாகத் தெரியும். வெறுப்பிலிருந்து என்ன முளைக்கும் என்று கேட்கிறது. 1963-ல் தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது, அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

'ஃபயர்ஃபிளைஸ்' இந்தப் பட்டியலில் இல்லை. அதை நீ பார்க்கும் நாள் அன்று என்னைக் கூப்பிடு, சேர்ந்து பார்ப்போம்.

இரண்டு நிபந்தனை. ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடுதான். ஜப்பான்காரர்களே வாரத்துக்கு ஒன்றுதான் பார்த்தார்கள், நடுவில் ஆறு நாள் காற்று வாங்கினார்கள். அடுத்தது, பார்த்ததைப் பற்றி யாரிடமாவது பேசு. அம்மாவிடம் பேசினால் இன்னும் நல்லது.

சகோதரி, அவனைத் தடுக்காதீர்கள். "இன்னைக்கு யாருடா செத்தா?" என்று கேளுங்கள். அவன் சொல்லுவான். என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. புனேக்கு வந்த முதல் வருடங்களில் தனி அறையில் விடிய விடிய லெயின் பார்த்துவிட்டு, மறுநாள் ஆபீஸில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறேன். படம் கெடுக்கவில்லை, பேச ஆள் இல்லாததுதான் கெடுத்தது.

பி.கு: தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை நாமெல்லாம் வாயைப் பிளந்து பார்த்த 'ஜங்கிள் புக்' மோக்லி 1989-ல் ஜப்பானில் எடுத்த அனிமே. இந்தி புரியாமலே பார்த்தோம். ஆக சகோதரி, நீங்களும் அனிமே ரசிகைதான் :-)